மலை தாண்டி வந்த அட்டைப்பெட்டி

எங்கள் மெந்தோசாவில் தெல்மா ஒசானைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவள் கொண்டுவந்த சட்டையைப் போடாதவர்கள், அவள் கொண்டுவந்த போனில் பேசாதவர்கள் குறைவு. மலைக்கு இந்தப் பக்கம் அர்ஜென்டினா, அந்தப் பக்கம் சிலே. அங்கே மலிவாகக் கிடைக்கிற சாமான் இங்கே வந்ததும் ஆனை விலை, குதிரை விலை. அதனால் மாதம் ஒருமுறை தெல்மா ஒரு பஸ் பிடிப்பாள். தெருப் பெண்கள் ஏறிக்கொள்வோம். சந்தியாகோ போய் வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்புவோம். நான் மாபெல், அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பொத்தானும் நூலும் விற்கிற கடை வைத்திருப்பவள். பஸ்ஸிலும் அவள் பக்கத்து இருக்கை எனக்குத்தான். அவள் பேச்சைத் தாங்குகிற காது வேறு யாருக்கும் இல்லை.

எல்லையில் இருக்கிற சுங்கக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். மீறினால் வரி, அதுவும் சும்மா இல்லை, வயிறெரிகிற வரி. ஆனால் உடம்பில் போட்டிருக்கிற துணிக்கும் புழங்கிய சாமானுக்கும் வரி கிடையாது. இந்த ஒரு ஓட்டையை வைத்து தெல்மா ஒரு கல்லூரியே நடத்தலாம். புதுக் காலணியை ஆற்றுமணலில் நடந்து அழுக்காக்கச் சொல்வாள். மூன்று ஜீன்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டச் சொல்வாள். புது மிக்சியில் ஒரு வாழைப்பழத்தை அடித்துக் கழுவாமல் வைப்பாள். மலை ஏறுவதற்கு முன் லாஸ் ஆந்தெஸ் ஊரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பஸ் நிற்கும். எல்லோரும் அட்டைப்பெட்டிகளை உரித்துப் பின்பக்கத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டும். அதில் அவளிடம் சலுகையே கிடையாது.

“பெட்டிதாண்டி நம்மளக் காட்டிக் குடுக்கும். சாமானுக்கு ஏது வாயி,” என்பாள்.

அவள் கணவன் எலியோ லாரி மெக்கானிக். ஊருக்கெல்லாம் வாங்கி வருகிறவளின் புருஷன், தனக்கென்று ஒரு குண்டூசி கேட்டதில்லை. என்ன வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். “நீ பத்திரமா வந்து சேரு, அது போதும்,” என்பான். இதில் அவளுக்கு உள்ளூர ஒரு வருத்தம் உண்டு. கேட்காத மனிதனுக்கு எதைக் கொடுத்து மகிழ்விப்பது?

அப்படிப்பட்டவன் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய் திறந்தான். முற்றத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். கரியைக் கிளறிக்கொண்டே, தெல்மாவைப் பார்க்காமல், செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

“கருப்பி, நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப டிவில மாட்டி விளையாடுவோமே, அந்த கேம் மெஷின். அதையே இப்ப குட்டியாப் பண்ணி விக்கிறாங்களாம். உள்ளங்கை அகலந்தானாம். சந்தியாகோல இந்த மாசம் வருதாம்.”

“நாப்பத்தஞ்சு வயசுல உனக்குப் பொம்மை கேக்குதா, குண்டா?”

“கெடைச்சாப் பாரு. இல்லன்னா விடு.”

அவன் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. நெருப்புக்குப் பக்கத்தில் நின்றதால் என்று நான் நினைத்துக்கொண்டேன். தெல்மா அப்படி நினைக்கவில்லை. மதிலோரம் என்னை இழுத்துப் போய், “அக்கா, கேட்டீங்களா, வாயத் தொறந்து கேட்டுட்டான்,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சந்தியாகோவில் அன்று மற்றவர்கள் துணிக்கடைக்கு ஓட, நாங்கள் இருவரும் அந்தக் குட்டி மெஷினைத் தேடி அலைந்தோம். முதல் கடையில் விடிவதற்கு முன்பே வரிசை நின்று முடிந்துவிட்டது. இரண்டாவது கடையில் வரிசை இருந்தது, எல்லாம் தாடி வைத்த குழந்தைகள். தெல்மா வழக்கம்போல, “தம்பி, என் புள்ள முன்னால நிக்கிறான்,” என்று நுழையப் பார்த்தாள்.

“முன்னால நிக்கிறது நான்தான், ஆன்ட்டி. எங்கம்மா வீட்ல இருக்காங்க,” என்றான் ஒருவன்.

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டுக் கடைசிக்குப் போய் நின்றாள். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் இருக்கும்போது கடைக்காரன் வெளியே வந்து கையை விரித்தான். மூன்றாவது கடையில் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்கள்.

“பேசாம ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கிட்டுப் போ. ஆம்பளைங்களுக்கு ரெண்டு நாள்ல மறந்துடும்,” என்றேன். எனக்குக் கால் வலி.

“அவன் இன்னொருவாட்டி கேக்க மாட்டான், அக்கா.”

கடைசியில் அது கிடைத்தது ஒரு சூப்பர்மார்க்கெட்டில். நான் கால் வலிக்கு மருந்து வாங்கத்தான் உள்ளே போனேன். அங்கே கிலுகிலுப்பைக்கும் பால் புட்டிக்கும் நடுவில் ஒற்றைப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது. குட்டியாக இருந்ததால் கைக்குழந்தைச் சாமான் என்று எந்தப் புண்ணியவானோ வைத்திருக்கிறான். தெல்மா அதை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு பணம் கட்டப் போனாள். என் மருந்தை மறந்தே போனோம்.

லாஸ் ஆந்தெஸில் வழக்கம்போல எல்லோரும் பெட்டி உரித்தோம். தெல்மா விதியை மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிற ரகம் இல்லை. வாங்கிய ஒவ்வொன்றையும் இரண்டு நொடியில் உரிப்பாள். எலியோவின் பெட்டியும் தொட்டிக்குள் போனது. குட்டி மெஷினை ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக்கொண்டாள். பின்சீட்டு இர்மாவுக்கு அதைக் காட்டியபோது பஸ்ஸே கூடிவிட்டது.

“இதப் புதுசுன்னு எவன் சொல்வான்? பாக்கவே நம்ம காலத்துச் சாமான்,” என்றாள் இர்மா.

“ஆபீசர் அந்தக் காலத்துல இத விளையாடினவனா இருந்தா? ‘எங்க வீட்டுல பெருசால்ல இருந்துச்சு’ன்னு கேப்பானே,” என்றேன்.

“துவைச்சேன், சுருங்கிடுச்சும்பேன்,” என்றாள் தெல்மா.

பஸ் கிளம்பியதும், கிடைத்துவிட்டது என்று எலியோவுக்குச் செய்தி அனுப்பினாள். படம் எடுக்கக் காலுறையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவன் குரல் செய்தி வந்தது. அவள் எதையும் சத்தமாகத்தான் கேட்பாள், அதனால் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“தெல்மா, உள்ள இருக்கிறதப் படம் எடுக்காத. பெட்டிய மட்டும் காட்டு. நானே தொறக்கணும். எங்க வீட்டுல எதுவும் பெட்டியில வந்ததில்ல, உனக்குத் தெரியுமே. அந்த கேம் மெஷின்கூட பெரியப்பா பசங்க விளையாடித் தேஞ்சப்புறம் ரொட்டிப் பையில சுத்தி வந்துச்சு. அதுவும் போலிச் சரக்கு, பட்டன்ல எழுத்தே இல்ல. கடையில கண்ணாடிக்குப் பின்னால பெட்டியப் பாத்துட்டு நிப்பேன். விளையாடுறதுகூடப் பெருசில்ல. ஒரு பெட்டியத் தொறந்து, உள்ள இருக்கிற தாளை விலக்கி, நானா எடுக்கணும். சிரிக்காத, என்ன.”

யாரும் சிரிக்கவில்லை. தெல்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பஸ் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு அட்டைப்பெட்டிக்காக நாற்பது பேரைத் திருப்பிக்கொண்டு போக முடியாது, அது அவளுக்கும் தெரியும். டிரைவரிடம் கேட்கலாமா என்று நான் எழுந்தேன். என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

“ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தன் பெட்டியையும் கிழிச்ச கை, அக்கா,” என்றாள். “இவனோடது ஒண்ண விட்டிருக்கலாம்.”

மேலே போலீஸ்காரர்கள் தடுப்பு போட்டு நின்றார்கள். எங்கள் பக்கம் செப்டம்பரோடு குளிர்காலம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்தால் போதுமா, மலை நினைக்க வேண்டாமா? உச்சியில் பனி கொட்டுகிறது, கணவாய் மூடியாச்சு, எல்லா வண்டியும் லாஸ் ஆந்தெஸுக்குத் திரும்பு என்றார்கள். பஸ் முழுக்க ஒப்பாரி. நாளைக்கு வேலை, வீட்டில் பிள்ளை, அடுப்பில் உலை வைக்க ஆள் இல்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தெல்மா மட்டும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

லாஸ் ஆந்தெஸ் சாப்பாட்டுக்கடையில் பஸ் நின்றும் நிற்காமலும் இறங்கி ஓடினாள். தொட்டிக்குள் இடுப்பு வரை தலைகீழாகத் தொங்கினாள். அதற்குள் எத்தனையோ பஸ்ஸின் பெட்டிகள் அதில் விழுந்திருந்தன. மேலே சாப்பாட்டுக்கடைக்காரர்கள் கொட்டிய எச்சில் வேறு. இர்மா மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து இழுத்துப் போட ஆரம்பித்தாள். பிறகு எல்லோரும் வந்தோம். மூன்று ஜீன்ஸ் போட்டுக்கொண்டு குனிவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அடியில் ஒரு அடுப்புப் பெட்டிக்குள் பத்திரமாக விழுந்திருந்தது எங்கள் பெட்டி. ஒரு முனை மட்டும் நசுங்கியிருந்தது. காலுறையிலிருந்த மெஷினை உள்ளே வைத்து, அதன் தாளை விரலால் நீவி நீவி மடித்து மூடினாள். பிறகு கடைக்காரியிடம் பசை வாங்கி, திறந்த இடத்தைத் தடம் தெரியாமல் ஒட்டினாள். அன்றிரவு எல்லோரும் பஸ்ஸிலேயே தூங்கினோம். பெட்டி அவள் மடியில்.

காலையில் கணவாய் திறந்ததும் சண்டை ஆரம்பித்தது.

“பெட்டியப் பாத்தா வரி போடுவான். நீ உன் வரம்ப எப்பவோ தாண்டிட்ட,” என்றேன். “மெஷின எடுத்துட்டு, தட்டையா மடிச்சு அதுமேல உக்காந்துக்கோ, வீட்டுக்குப் போய் ஒட்டிக்கலாம்.”

“மடிச்சா மடிப்பு விழும்.”

“வரியக் கட்டுறேன்னு நீ போனா எங்க பையெல்லாம் கொட்டிப் பாப்பான்,” என்றாள் இர்மா. “ஒரு அட்டைக்காக எங்க அடிமடியில கை வைக்கிறியே, தெல்மா.”

“நீங்கள்லாம் போனப்புறம் கடைசியாப் போறேன். மாட்டினா நான் மட்டும் மாட்டுறேன்.”

அப்படித்தான் செய்தாள். நாங்கள் பழைய துணிக்காரிகளாக முகத்தை வைத்துக்கொண்டு கடந்தபிறகு அவள் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேசைக்குப் போனாள். அங்கே இருந்த இளம் ஆபீசர் அவளைப் பல வருஷமாகப் பார்த்தவன், ஒருமுறைகூடப் பிடிக்க முடியாதவன்.

“இது புதுசுங்க. வரி போடுங்க,” என்று பில்லை நீட்டினாள்.

அவன் பில்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “ஒசான் அம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“சரி, தொறங்க. உள்ள என்னன்னு பாக்கணும்.”

தெல்மா பெட்டியை மாரோடு சேர்த்துக்கொண்டாள். “தொறக்கக் கூடாது தம்பி. என் புருஷன் தொறக்கணும். அவன் பொறந்ததுலேருந்து ஒரு பெட்டி தொறந்ததில்ல. வேணும்னா வரிய ரெண்டு மடங்காப் போட்டுக்குங்க.”

அவன் பேனாவை வைத்துவிட்டுப் பெட்டியை வாங்கினான். காதோரம் வைத்து மெதுவாக ஒருமுறை ஆட்டினான். நசுங்கிய முனையைக் கட்டை விரலால் நிமிர்த்திவிட்டான். பிறகு திறக்காமலே முத்திரை குத்தினான், வரியை ஒற்றை மடங்காகவே வாங்கிக்கொண்டு. நல்ல தாய் பெற்ற பிள்ளை.

மெந்தோசாவில் என் மூட்டைகளை இறக்கிவைக்க எலியோவின் பட்டறைக்குள் போயிருந்தேன். தெல்மா பெட்டியை மேசைமேல் வைத்தாள். எலியோ கிட்டே வந்தவன் கிரீஸ் அப்பிய தன் கையைப் பார்த்துவிட்டு நின்றான். “இரு, கழுவிட்டு வரேன்,” என்றான். மணல் சோப்பு போட்டுக் கழுவினான், நகத்துக்குள் பிரஷ் விட்டுக் கழுவினான், துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினான். வந்து ஒட்டின ஓரத்தை நகத்தால் விடுவித்தான். பசை வாடையும் தொட்டி வாடையும் எனக்கே அடித்தது, அவனுக்கு அடிக்காமல் இருக்குமா? ஒன்றும் கேட்கவில்லை. தாளை விலக்கினான். மெஷினை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

டிவியில் மாட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் மெஷினை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். தாளை மூடினான். மூடியைச் சொருகினான். பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

“இப்ப நீ தொற.”

“நானா? நான் தொறக்காத பெட்டியா, குண்டா?”

“அதெல்லாம் அடுத்தவங்களோடது. ஏழு பேருக்குக் கடைசியாப் பொறந்தவ நீ. உனக்குன்னு எது வந்துச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். தொற என்று நான் தலையை ஆட்டினேன். தெல்மா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மூடியைப் பிடித்தாள். பழக்கதோஷம், அவசரமாக இழுக்கப் போனாள்.

“மெதுவா,” என்றான் எலியோ. “யாரும் பிடுங்க மாட்டாங்க.”