எதிர் மனையில் மாடி கூடாது

அத்தையின் தையல் மெஷின் மாடி அறையில் ஜன்னலைப் பார்த்து நிற்கும். வெளிச்சத்துக்காக என்றுதான் துணி கொடுக்க வருகிறவர்கள் நினைப்பார்கள். ஜன்னலுக்கு எதிரே ஒரு ஓட்டு வீடு. அதன் கூரைக்கு மேலாகப் பார்த்தால் சாலை வளைவும் பஸ் ஸ்டாப்பும் தெரியும். அத்தையின் மகன், என் அத்தான், கப்பல் வேலைக்குப் போக அங்கேதான் பஸ் ஏறினார்.

அவரை அனுப்புவதற்காகத்தான் அத்தை அந்த ஓட்டு வீடு நிற்கும் முன்பக்கத்து மனையை விற்றாள். பத்திரத்தில் ஒரே ஒரு பிடிவாதம்: அங்கே மாடி எழுப்பக் கூடாது, பின்னால் யார் கைக்கு மனை போனாலும் அவர்களும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். அத்தான் முதலில் அடிக்கடி போன் பண்ணினார். பிறகு எப்போதாவது. பிறகு நின்றுபோனது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், படித்தது சட்டம். அதனால், மனையை இப்போது வாங்கியிருக்கும் பேக்கரிக்காரர் மாடி பிளானோடு வந்தபோது அத்தை என்னையும் வரவழைத்து உட்காரவைத்தாள்.

"யாரோ கொடுத்த வாக்குக்கு நான் எதுக்குக்கா கைகட்டி நிக்கணும்?"

"தெரிஞ்சுதானே வாங்குனீங்க? அதைச் சொல்லித்தானே வெலையக் கொறைச்சீங்க?"

அவர் அசடு வழிந்தார். "பொண்ணுக்குக் கல்யாணம் வருது. மேல ஒரு ரூம் இருந்தா எங்ககூடயே இருப்பா." ஜன்னலைக் காட்டினார். "ஸ்டாப்பைத்தான் மார்க்கெட் பக்கம் மாத்திட்டாங்களே. அங்க இப்ப நாய்கூட நிக்கிறதில்ல."

உண்மைதான். காரணமே போன பிறகு தடை எதற்கு என்று கோர்ட்டில் கேட்கலாம். அத்தை மெஷினை நிறுத்தினாள்.

"ஸ்டாப் மாறினது ஊருக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? பழைய எடத்துல வந்து முழிச்சுக்கிட்டு நிப்பானே."

பேக்கரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, படிச்சவரு நீங்க. சட்டம் என்னதான் சொல்லுது?"

"எழுதினது உங்களையும் கட்டுப்படுத்தும் சார்."

கோர்ட்டில் கேட்கலாம் என்கிற மீதிச் சட்டத்தை நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தானே வீட்டில் என்னைப் படிக்கவைத்தார்கள்? இல்லை, இந்த ஜன்னலுக்காகவா? எனக்கே புரியவில்லை.

பேக்கரிக்காரர் எழுந்து ஜன்னலருகே போய்ச் சாலை வளைவைப் பார்த்தார். பிளானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ரூமைப் பின்பக்கமா கீழயே போட முடியுதான்னு பாக்கறேன். தெனம் அந்த வழியாத்தான் கடைக்குப் போறேன், ஒரு கண்ணு வெச்சுக்கறேன். ஆளு எப்படிக்கா இருப்பாரு?"

அத்தை முகத்தைச் சொல்ல வாயெடுத்து, மெஷினில் கிடந்த துணியைப் பார்த்தாள்.

"நீலச் சட்டை," என்றாள் கடைசியில். "நான் தைச்சது. பாக்கெட்டு கொஞ்சம் கோணலா இருக்கும்."