திவான் கேட்ட போலந்து அம்மாள்

டெம்போவில் நான்கு கால்களையும் வானத்துக்குக் காட்டியபடி ஒரு திவான் கட்டில் வந்து இறங்கிய காலைப்பொழுது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்தில் கடலுக்குப் போகிற சந்து ஒன்றில் இருந்த எட்டு அறை லாட்ஜில் நான் ரிசப்ஷனிஸ்ட். மேனேஜரை எல்லோரும் பாய் என்போம். செங்கல்பட்டுக்காரர். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ரஷ்ய அகராதி ஒன்றை டிராயரில் வைத்திருந்தார். எந்த வெள்ளைக்காரர் வந்தாலும் அதிலிருந்து ஒரு வார்த்தையாவது சொல்லாமல் சாவியைக் கொடுக்க மாட்டார். பிரெஞ்சுக்காரருக்கும் ரஷ்ய மொழிதான்.

அந்த டிசம்பரில் போலந்திலிருந்து ஓர் அம்மாள் ஒரு மாதம் தங்க வந்தார். ஓய்வு பெற்ற மொழி ஆசிரியை. முதுகு வலிக்காகத் தினமும் தரையில் படுத்து உடற்பயிற்சி செய்வார். மழைக்கால மொசைக் தரை சில்லென்று இருக்கும். மூன்றாம் நாள் கீழே இறங்கி வந்து அரைகுறை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். சரியான சொல் வாயில் வராமல், தம் மொழியிலேயே "திவான்" என்றார். பாயின் முகம் மலர்ந்துவிட்டது. அகராதியைப் புரட்டினார். திவான் என்றால் மெத்தை இருக்கை என்று போட்டிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாம்மா, நம்ம வூட்டு வார்த்தை!"

"அவங்க ரஷ்யாக்காரங்க இல்லியே, பாய்?"

"அட, எல்லாம் பக்கத்து ஊருதான்."

மாதக்கணக்கில் தங்கும் விருந்தாளி அந்த சீசனில் அவர் ஒருவர்தான். அவர் வேறு லாட்ஜ் தேடிப் போய்விட்டால் பாயின் வேலைக்கே ஆபத்து. மனைவி மதுராந்தகத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தார். பாய் யோசிக்கவே இல்லை. மனைவியின் கல்யாணச் சீரில் வந்த தேக்குத் திவானையே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது மாடிப்படியில் திரும்பவில்லை. ஜன்னல் கம்பிகளைப் பெயர்த்து, கயிறு கட்டி மேலே இழுத்தோம். கொத்தனார் மறுபடி கம்பிகளைப் பதித்துப் பூசிவிட்டுப் போனார்.

கடற்கரையிலிருந்து திரும்பிய அம்மாள் தம் அறையில் தரையையே காணாமல் திகைத்தார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கேட்டது தரைவிரிப்பு. போலந்தில் அதற்குத்தான் திவான் என்று பெயராம். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் கணக்குப் பதிவேடு என்று பொருள், பிறகு அரசவை. அரசவையில் போட்ட மேடைக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. துருக்கியர் வழியாக வந்தபோது ரஷ்யர், செக் நாட்டவர், பல்கேரியர் எல்லாம் இருக்கையை எடுத்துக்கொண்டார்கள். போலந்துக்காரர்கள் அதன் மேல் விரித்திருந்த கம்பளத்தை எடுத்துக்கொண்டார்கள்.

பாய் தாளையே வெகுநேரம் பார்த்தார். "அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாரி கீது," என்றார்.

மறுநாள் ஊரிலிருந்து திரும்பிய பாயின் மனைவி, வீட்டில் திவானைக் காணாமல் நேராக லாட்ஜுக்கே வந்துவிட்டார். மாடி ஏறிப் பார்த்தால், தம் சீர்த் திவான் மேல் ஒரு பெட்டி மட்டும் இருக்கிறது. அம்மாள் கீழே இடுக்கில் ஒரு போர்வையை மடித்துப் போட்டுப் படுத்திருக்கிறார்.

"இன்னாங்க இது? அஞ்சு வருசமா மிக்ஸி வாங்கிக் குடுங்கன்னு தமிழ்லதான சொல்லிகினு கீறேன். அது காதுல ஏறல. இந்தம்மா ஒரு தபா சொன்னதும் என் கட்டிலு மாடி ஏறிடுச்சா?"

பாய் ஜன்னலைப் பார்த்தார். சிமெண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது.

அம்மாளுக்கு அந்தப் பேச்சில் ஒரே ஒரு சொல் பிடிபட்டது. எழுந்து உட்கார்ந்து, விரலைச் சுழற்றிக் காட்டி, "மிக்சர்?" என்றார். அவர்கள் வீட்டுச் சமையலறையிலும் அதற்கு அதுதான் பேராம்.

பாய்க்கு உயிர் வந்தது. "மிக்சரு கேக்கறாங்க. இதோ வாங்கியாந்துடறேன்!" என்று படியில் ஓடினார்.

கால் மணி நேரம் கழித்துக் காராபூந்தியும் ஓமப்பொடியும் கலந்த பொட்டலத்தோடு வந்தபோது இரண்டு பெண்களும் திவானில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனால் பாயைப் பார்த்த பார்வை ஒன்றாகவே இருந்தது. மனைவி பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, முதலில் அம்மாளின் உள்ளங்கையில் கொட்டினார்.

"மிக்சரு வந்துடுச்சி," என்றார். "மிக்ஸி எப்போ?"

அன்று சாயந்திரமே பாய் செங்கல்பட்டு பஸ் ஏறினார். அம்மாளுக்கு ஒரு ஜமுக்காளமும் வாங்கி வரச் சொல்லி, இந்த முறை நான் அதைத் தாளில் படமாகவே வரைந்து கொடுத்தனுப்பினேன்.