ரோட்டிலிருந்து ஐந்தே நிமிஷம்

முசெம்பி மனை வாங்கியது ஒரு பிப்ரவரி சனிக்கிழமை. மனை விற்கிற கம்பெனியின் வேன் என் கடை வாசலில்தான் திரும்பியது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. நைரோபியிலிருந்து ஆட்களை ஓசியில் ஏற்றிவருவார்கள், ஆளுக்கொரு சோடா கொடுப்பார்கள், பொட்டலில் இறக்கிக் காட்டிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டு போவார்கள். வாங்குகிறவன் கால் தரையில் படுவது பத்து நிமிஷம் இருந்தால் அதிகம். "பெரிய ரோட்டுலேருந்து அஞ்சே நிமிஷம்" என்று தரகன் சொன்னது பொய்யுமில்லை. காய்ந்த கரிசலில் வேனுக்கு ஐந்து நிமிஷம்தான் ஆனது. மனை என்றால் எங்கள் சனத்துக்குக் கண்மண் தெரியாது. சொந்த இடம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், மழை என்று ஒன்று பெய்யும் என்பதே மறந்துபோகும்.

நான் அந்தச் சந்தியில் டீயும் மண்டாசி பலகாரமும் விற்கிறவள். என் மகன் கியாலோவை வைத்து எல்லாரும் என்னைக் கியாலோ அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மழைக்காலத்தில் எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. உள்ளே குடியிருப்பவர்கள் சேறு அப்பிய ரப்பர் பூட்ஸை என்னிடம் கழற்றிப் போட்டுவிட்டு, பையில் கொண்டுவந்த நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் வரும் பயணிகள் வேனில் ஏறுவார்கள். சாயங்காலம் வந்து மாற்றிக்கொண்டு போவார்கள். ஜோடிக்குப் பத்து ஷில்லிங். மழை பெய்தால் எனக்கு நல்ல காலம் என்று சொல்ல வாய் கூசுகிறது. ஆனால் அதுதான் நிஜம்.

முசெம்பியின் பெண்டாட்டி முனீவா தையல் ஆலையில் காலர் தைப்பவள். முப்பது வயது, அதிகம் பேசமாட்டாள். ஐந்து வயதில் மும்புவா என்று ஒரு பெண் பிள்ளை. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு மொம்பாசாவுக்கும் அதற்கப்பாலும் போகிறவன், மாதத்துக்கு இரண்டு தரம் தலையைக் காட்டினால் பெரிது. கல்வீடு எழும்பிக் குடிவந்தபோது அடுத்த வருஷம் ஜனவரி. அவளுக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஜன்னலுக்கு நீலப் பெயின்ட் அடித்ததை என்னிடம் மூன்று தரம் சொன்னாள். வீட்டிலிருந்து என் கடைக்கு அரை மணி நடை. அது பெரிய தூரமாக அப்போது யாருக்கும் படவில்லை.

மார்ச் கடைசியில் மழை இறங்கியது. நனைந்த கரிசல் காலைப் பிடித்தால் லேசில் விடாது. வேன் உள்ளே வராது, மோட்டார் சைக்கிள்காரன் கும்பிட்டுக் கேட்டாலும் வரமாட்டான். அரை மணி நடை ஒரு மணி பத்து நிமிஷமானது. நாலு மணிக்கு எழுந்து, தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு தூக்கிப் பக்கத்து வீட்டில் கிடத்திவிட்டு, இவள் சேற்றில் இறங்குவாள். ஒருநாள் விழுந்து முழங்கையெல்லாம் தோல் உரிந்து வந்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டுத் தொலையேண்டி" என்றேன்.

"ஏழு மணிக்குக் கதவை மூடிடறாங்க, கியாலோ அம்மா. ஏற்கனவே ரெண்டு தரம் வெளிய நின்னுட்டேன். மூணாவது தரம் நின்னா பேரை எடுத்துடுவாங்க. என் மிஷினுக்கு ஆளுங்க வாசல்லயே காத்துக் கெடக்காங்க."

"அப்ப ஆலைப் பக்கமா ஒரு ரூமைப் பாரு."

"பாத்துட்டேன்." முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது. "நாலு எடம் பாத்தேன். ஆலைக் கதவுலேருந்து கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நடந்தேன். அதுல ஒண்ணு ஏழே நிமிஷம். முழுக்க தார் ரோடு, ஓரத்துல நடக்கறதுக்குக் கல்லு பாவியிருக்கு. சின்னப் பள்ளிக்கூடமும் அதே தெருவுல. ஒத்த ரூமுதான், குழாய் பொது. இருந்தா என்ன? மழை பெஞ்சுது, நான் அதே செருப்போட நடந்தேன் கியாலோ அம்மா!"

"பின்ன என்னடி தயக்கம்?"

"அவருகிட்ட யாரு சொல்றது?"

அவளே சொன்னாள், என் பெஞ்சில் உட்கார்ந்துதான். போனில் அவன் கத்தியது கடைக்கே கேட்டது. "சொந்த வீட்டைப் பூட்டிப்போட்டு வாடகைக்குப் போறதா? எங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? மழைன்னா நாலு நாள் பெய்யும், விட்டுடும். போ, போயி வேலையப் பாரு!" அவள் போனைப் பையில் வைத்துவிட்டு வேன் ஏறிப் போனாள்.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை மத்தியானம் முசெம்பி வந்து சேர்ந்தான். லாரி உள்ளே போகாது என்பதால் ரோட்டோரமே நிறுத்திவிட்டான். வெள்ளைச் சட்டை, கூர்மூக்கு ஷூ.

"தம்பி, அந்த ஷூவைக் கழட்டிக் கையில புடிச்சுக்கோ" என்றேன்.

"அஞ்சு நிமிஷத்துக்கு எதுக்குக் கியாலோ அம்மா?" என்று சிரித்தான்.

"போ ராசா, போ" என்று விட்டுவிட்டேன். அவன் எப்படி வீடு சேர்ந்தானோ தெரியாது. மறுநாள் காலை முனீவா வழக்கம்போல வந்து, பூட்ஸை மாற்றிக்கொண்டு வேன் ஏறினாள். முக்கால் மணி கழித்து அவன் வந்தான். இரண்டு காலும் வெறுங்கால், ஒரு ஷூ கையில், இன்னொன்று சேற்றோடு போய்விட்டது. முழங்கால் வரை சேறு. பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினான்.

"அவ எங்க?"

"போயி முக்கா மணியாச்சு."

"கூடத்தான் கெளம்பினேன். பாதி வழியில என்னை விட்டுட்டுப் போயிட்டா. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"திரும்பிப் பாத்தா வேன் போயிடும்."

டீயை வாங்கியவன் குடிக்கவில்லை. "தெனமுமா இப்படி?"

"மழை எறங்கின நாள்லேருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

எனக்கு வந்ததே கோபம். "அடப்பாவி! நீ உக்காந்திருக்கியே, இதே பெஞ்சுல உக்காந்துதான் சொன்னா. நீ போட்ட சத்தத்துல என் அடுப்பே அணைஞ்சுபோச்சு. நீ வேன்ல வந்து மனை வாங்கினே, லாரில வந்து வீடு பாத்தே. நடக்கறவ அவதானே? அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கண்ணன் சிரிப்பானே" என்று முனகினான்.

"சிரிக்கட்டும். மழையில ஒருதரம் நடந்து வந்து சிரிச்சுட்டுப் போகச் சொல்லு."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. என் குடத்துத் தண்ணீரில் காலைக் கழுவிவிட்டு, லாரிப் பக்கம் போகாமல், வெறுங்காலோடு அடுத்த வேனில் ஏறினான். அன்றைக்கே ஆலைக் கதவிலிருந்து அந்த அறைவரை அவனும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தானாம். ஞாயிற்றுக்கிழமை பானை சட்டியோடு குடிபோனார்கள். அண்ணன்காரன் பேசாத பேச்சில்லை. முசெம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூனில் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சின்ன அறைதான், கட்டிலும் அடுப்பும் போக இடமில்லை. களி கிண்டிக் கீரையோடு போட்டாள். வேலை எப்படி என்று கேட்டேன். மூன்றாவது லேட்டு வரவேயில்லை என்றாள். அப்புறம் தானாகவே குடிவந்த மறுநாளைப் பற்றிச் சொன்னாள்.

பழக்கத்தில் நாலு மணிக்கே விழித்துவிட்டாளாம். எங்கேயும் ஓடவேண்டியதில்லை. டீ போட்டுக் குடித்தாள், மாவைச் சலித்தாள், இன்னும் மணி ஐந்துதான். என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். ஆறு மணிக்கு மும்புவா கண்விழித்து, அம்மாவைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"ஹை! இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாம்மா?"

"திங்கக்கெழமைதான்டி கண்ணு" என்றாளாம் முனீவா. பிள்ளை நம்பவில்லையாம்.