ஐந்து தோட்டாவும் ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும்

என் துப்பாக்கி குறி தவறும். பன்றியின் நெஞ்சுக்கு வைத்தால் அதன் காலடி மண்தான் பறக்கும். நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கி. இங்கே செனாப்பாங் என்போம். அப்பா போன பிறகு அதன் லைசன்ஸை என் பெயருக்கு மாற்ற நாயாக அலைந்தேன்.

ரப்பர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது அப்பா வாங்கிய ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருந்தேன். ஈப்போவில் எனக்கு வேலை போன பிறகு வீட்டுக்கு இருந்தது அந்தக் கிழங்கு மட்டும்தான். பக்கத்து நிலம் ஒரு கம்பெனி எண்ணெய்க்காகப் போட்ட செம்பனைக்காடு. பன்றிகள் பகலில் அங்கே படுத்திருக்கும். பொழுது சாய்ந்தால் என் கிழங்கைத் தோண்ட வரும்.

பெர்மிட்டில் எழுதியதற்கு மேல் தோட்டா வாங்க முடியாது. அந்த வருடத்துக்கு மீதி ஐந்து. துப்பாக்கியைச் சரிசெய்தால் சுட்டுப் பார்க்க வேண்டும். சுட்டுப் பார்த்தால் பன்றிக்குத் தோட்டா இருக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஈப்போ பக்கம் சிலிபினில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன்.

"உள்ளுக்கு எதையும் நோண்டாதே மச்சான். லைசன்ஸ் போயிரும்."

"யாரு நோண்டுறா? கட்டையில கன்னத்த வைங்க மாமா. பாத்தீங்களா, உங்க மூஞ்சிக்குப் பள்ளமா இருக்கு. கண்ணு கீழ போவுது, குண்டும் கீழ போவுது. துப்பாக்கிய ஏன்லா திட்டுறீங்க?"

பழைய சிலிப்பரை அறுத்துக் கன்னம் படும் இடத்தில் வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினான். குழலுக்கு அடியில் ஆடிய கட்டைக்குள் ஒரு தோல் துண்டைச் செருகினான். குழல் நுனியில் தேய்ந்துபோன குறிமணிக்கு என் மனைவியின் வெள்ளை நகப்பூச்சு.

வெட்டிய ரப்பர் மரத்தின் அடிக்கட்டை மேல் அட்டைப் பெட்டியை வைத்துச் சுட்டேன். இன்னமும் கீழே. இன்னொரு சிலிப்பர் வைத்தோம். பெட்டிக்கு மேலே போய்விட்டது. அதில் பாதியைச் சீவி எடுத்தோம். மூன்றாவது தோட்டா பெட்டியின் நடுவைப் பிய்த்தது. அவன் கை தட்டினான்.

"பொட்டிய நல்லாத்தான் சுடுறீங்க. பொட்டியா கெழங்கு திங்குது?" என்றாள் என் மனைவி.

மறுநாள் அந்தியில் ஒரு தோட்டா, ஒரு பன்றி. நெஞ்சிலேயே பட்டது. அடுத்த நாளும் அப்படியே. இரண்டு முறையும் மற்றவை செம்பனைக்குள் ஓடி ஒளிந்தன.

மூன்றாம் நாள் அவையெல்லாம் வந்தன. பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். கத்தினேன், தகரத்தைத் தட்டினேன். ஒரு பெரிய பெண் பன்றி தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தோண்டியது. தோட்டா ஐந்தும் தீர்ந்து, கையில் இருந்த துப்பாக்கி வெறும் இரும்பு.

கூடுதல் தோட்டா கேட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்தேன். காத்திருக்கச் சொன்னார்கள். பன்றிகள் காத்திருக்கவில்லை. பத்தே நாளில் முக்கால்வாசி நிலம் குழியாகிவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்றலாம் என்று நானும் மனைவியும் விளையாத கிழங்கைப் பிடுங்கினோம். விரல் கனம்கூட இல்லை. அவள் அதையும் மண் தட்டிச் சாக்கில் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மண் கையோடு நின்றபோது மச்சான் போன் செய்தான்.

"மாமா, செனாப்பாங் எப்படி? நேரா போவுதா?"

"நேராத்தான் போவுதுலா" என்றேன்.