லைட்டு எரியவில்லை என்று அந்தோணியண்ணன் சொன்னது உண்மை

அந்தோணியண்ணன் போய்விட்டார். இன்று காலை, சாமளாபுரத்தில், வீட்டிலேயே.

எனக்குச் செய்தி வந்தது பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில். "நம்ம லைட்டு அந்தோணி காலமானார்" என்று போட்டிருந்தார்கள். கீழே இரண்டு பேர் போட்ட சிரிப்புப் பொம்மை.

செத்த மனிதனைப் பார்த்து என்ன சிரிப்பு...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் முதலாளியின் கார் டிரைவர். நான் அங்கே நிட்டிங் மெசின் ஃபிட்டர். எட்டாவதோடு நின்றவன், கற்றதெல்லாம் மெசினைப் பிரித்துக் கற்றது.

எஞ்சின் லைட் எரிந்ததைக் கவனிக்காமல் ஓட்டி, சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையரை நடுரோட்டில் நிறுத்தியவர். இதுதான் அந்தப் பட்டப்பெயருக்குச் சொல்லும் கதை. முழுப் பொய்.

அந்த வண்டி அப்போது புதுசு. கார்புரேட்டர் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். மீட்டர் போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தால், ஊர் மெக்கானிக்குகள் பானெட்டைத் திறக்கவே பயந்தார்கள்.

லைட் எரிந்த அன்றே கவனித்தவர் அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வண்டியோடு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

பழைய பேப்பர் கடையில் எடுத்த இங்கிலீஷ் ரிப்பேர் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்திருந்தேன். பானெட்டுக்குள் ஒரு சின்ன பிளக். அதில் இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்தால் அதே லைட் மின்னி மின்னி நோயைச் சொல்லும். எத்தனை தரம் மின்னுகிறது, கொஞ்சம் விட்டு மறுபடி எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் புத்தகத்தில் இருக்கும் நோயின் நம்பர், அவ்வளவுதான்.

கம்பிக்கு, அவர் மனைவி லூர்தக்கா சேலையில் குத்தியிருந்த ஊக்கு.

நான் எண்ணினால் ஒன்று, ஆறு. அண்ணன் எண்ணினால் ஒன்று, ஐந்து. இருவருக்கும் சண்டை.

"நீங்க ரெண்டு பேரும் கத்துனா லைட்டு எப்படிங்க பேசும்? தள்ளுங்க" என்று, காயப் போட்டிருந்த மிளகாயில் ஒரு கை அள்ளிக்கொண்டு லூர்தக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு மின்னலுக்கு ஒரு மிளகாய். மூன்று தடவையும் ஒன்று, ஐந்து.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா ஒரு மிளகாயைத் தவற விட்டார் என்றேன். பதினாறு என்று புத்தகத்திலேயே எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, அச்சடித்தவன் விட்டுவிட்டான் என்றேன்.

பதினைந்துக்கு நேராக இருந்தது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார். அதன் சிக்னல் விட்டுவிட்டு வரும். வராத நிமிடம் எஞ்சின் நின்றுவிடும்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் அண்ணன் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். "சென்சார் மாத்தோணுங்க. கோயமுத்தூர்ல உட்டா ஒரு நாள்ல குடுத்துருவாங்க."

"பையர் வர்ற வாரத்துல வண்டி நிக்கக்கூடாது" என்று மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஃபிட்டரே, மெசின்ல பண்ற மாதிரி பண்ணிருங்க."

மெசினில் பண்ணுவது என்றால்... நூல் அறுந்தால் சிவப்பு லைட் எரியும், மெசின் நிற்கும். அவசர ஆர்டர் என்றால் அந்த லைட்டையும் ஸ்டாப்பரையும் கழற்றிவிட்டு ஓட்டுவோம். துணியில் ஓட்டை விழுந்தால் பிறகு பார்த்துக்கொள்வது.

மீட்டர் போர்டைப் பிரித்து அந்த பல்பைக் கழற்றினேன். ஆமாம், நான்தான்.

அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியே என் கண்ணையும் கட்டி உட்ருங்க ஃபிட்டரே. ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கும்." நான் சிரித்தேன்.

நான்காம் நாள், ஏர்போர்ட் போகும் வழியில் நீலம்பூரில் எஞ்சின் நின்றது. பனியன் மூட்டை ஏற்றி வந்த டெம்போவை மறித்து, பையரை முன்சீட்டில் உட்கார வைத்து, அவர் பெட்டியை மூட்டை மேல் கட்டி அனுப்பியவர் அண்ணன். அதற்குள் பிளைட் போய்விட்டது.

மறுநாள் ஆபீசில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் கேட்டார். "எஞ்சின் லைட்டு எரிஞ்சிருக்குமில்ல? தூங்கிட்டா ஓட்டுனே?"

"எரியலீங்க" என்றார் அண்ணன். அவ்வளவுதான். என்னை ஒரு தரம் பார்த்தார்.

நீங்கள்தானே பல்பைக் கழற்றச் சொன்னீர்கள் என்று கேட்டால், கழற்றியவன் யார் என்ற பேச்சு வரும். அதற்காக வாயை மூடிக்கொண்டார்.

எவனையும் எதிர்த்துப் பேசுகிறவன் நான். அந்த மாதம்தான் என்னை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் எந்த முதலாளியும் அவரிடம் காரைக் கொடுக்கவில்லை. பொங்கலூரிலிருந்து ஆள் ஏற்றி வரும் கம்பெனி வேன்தான் கடைசிவரை.

பல வருடம் கழித்துப் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "ஏனுங்க ஃபிட்டரே, நம்ம வேன்ல நாலஞ்சு லைட்டு எரியுதுங்க. ஒண்ணையும் தொட்டுராதீங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மேனேஜரும் குரூப்பில் இருக்கிறார். "நல்ல மனுசன், கொஞ்சம் கவனக்குறைவு" என்று இரங்கல் எழுதியிருக்கிறார். ஐயா, உங்களுக்கு வெட்கமாக இல்லையா? இதைக் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் கேட்கிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு சாமளாபுரத்தில் அடக்கம். நீங்களும் வருவீர்கள். கழற்றியது யார் என்று லூர்தக்காவிடம் நான் சொல்கிறேன். கழற்றச் சொன்னது யார் என்று நீங்கள் சொல்லுங்கள்.

சிரித்த இரண்டு பேருக்கும்... இனி யாரையாவது லைட்டு என்று கூப்பிட வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள்.

அண்ணா, நீங்கள் எண்ணியதுதான் சரி. ஐந்துதான்.

போய் வாருங்கள்.