தனசேகருக்குத் தாடி முளைத்த சுவர்

1. ஒரு கோட்டிங்

பெயிண்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஈரச் சுவரில் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஹவுஸ் ஓனர் காலில் விழுந்தாலும் அடிக்காதீர்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் தனசேகர் என்று ஒரு ஹவுஸ் ஓனர். போன் செய்தார். "இன்னாம்மா, கீழ் ரூம் செவுரு கருப்பாயிடுச்சு. பசங்க நாஸ்தி பண்ணி வெச்சிருக்கானுங்க. ஒரு கோட்டிங் அடிச்சு வுட்டுரு."

போனேன். கார் கம்பெனியில் வேலை பார்க்கும் தென்மாவட்டப் பையன்கள் ஆறு பேர் தங்கியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் ஊறப்போட்ட துணி நாற்றம். எதிர்ச் சுவர் முழுக்க தனசேகரின் முகம். மகள் கல்யாணத்துக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனர். பூஞ்சையை மறைக்க அவரே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். பூஞ்சை பேனர் மேலும் ஏறிவிட்டது. அவர் கன்னத்தில் கரும்பச்சைத் தாடி.

"ஓனருக்கு வாராவாரம் ஷேவிங் பண்ணுதோம்க்கா. மறுபடி வளந்துருது," என்றான் இசக்கிமுத்து.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் கம்பெனியில் காருக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் டிரெய்னி. அங்கே ஒரு தூசி பட்டாலும் கார் மேல் பரு மாதிரி நிற்கும். பேனரை ஒட்டிக் கட்டிய கொடியில்தான் யூனிஃபார்ம் காய்ந்தது. அதிலும் கரும்புள்ளி. சூப்பர்வைசர் லைனுக்குள் விடவில்லை.

"இன்னொரு தடவ இப்படி வந்தா வேலைக்கே வராதன்னுட்டாருக்கா."

"மாடியில காயப்போட வேண்டியதுதானே?"

"ஓனர் விடமாட்டாரு. வீட்டு லட்சணம் கெட்டுருமாம்."

2. பாலிதீன்

அதற்குள் தனசேகர் வந்துவிட்டார். "ஆறு பேரு மூச்சு வுட்டா செவுரு வேர்க்காம இன்னா பண்ணும்?"

"அப்போ மூச்சு விடாமதான் குடியிருக்கணுமா அண்ணாச்சி?" என்றான் இசக்கி.

பேனரைக் கழற்றினேன். சுவரைத் துடைத்து, ஒரு துண்டு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன்.

"ரெண்டு நாள் கழிச்சு வரேன். ஷீட்டுக்குப் பின்னாடி தண்ணி நின்னா சுவத்துல கசிவு, ஓனர் பொறுப்பு. முன்னாடி நின்னா ரூம் ஈரம், பசங்க பொறுப்பு."

திரும்பி வந்து பார்த்தால் ரெண்டு பக்கமும் தண்ணீர்.

"பாத்தியா!" என்றார் தனசேகர், முன்பக்கத்தைக் காட்டி. "பாத்தீங்களா!" என்றார்கள் பையன்கள், பின்பக்கத்தைக் காட்டி.

"எல்லாரும் வாயை மூடுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஓனரின் புது பாத்ரூம். டைல்ஸை உடைத்தோம். பைப் ஜாயின்டில் ஒட்டுகிற சொல்யூஷனே தடவவில்லை.

"எந்த பிளம்பர் பார்த்த வேலை இது?"

"நான்தாம்மா மாட்டினேன்." அன்றைக்குத்தான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

அடுத்து ஜன்னல். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்க அட்டைப்பெட்டியை வெட்டி அடைத்திருந்தார்கள். பிடுங்கி எறிந்தேன்.

"வெளிச்சம் அடிக்கும்லா அக்கா, தூக்கம் வராதே."

"கண்ணுல துண்டைக் கட்டுங்கடா. ஜன்னல் என்ன பண்ணுச்சு?"

கடைசியாக ஓனரிடம், "மாடிக் கதவைத் திறங்க. இல்லன்னா வேற ஆளைப் பாருங்க," என்றேன்.

"மாடியில ஆறு யூனிஃபார்ம் தொங்கினா பாக்கிறவன் இன்னா நெனப்பான்?"

"இந்த வூட்ல வேலைக்குப் போறவன் இருக்கான்னு நெனப்பான்."

திறந்தார்.

3. மாடி

பைப்பை மாற்றி, பூச்சைக் கொத்தி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரைமரே அடித்தேன். சீக்கிரம் முடி என்று தனசேகர் கத்திக்கொண்டே இருந்தார். கத்தட்டும்.

வேலை முடிந்த அன்று மாடிக்குப் போனேன். மழைக்கு மறைப்பாக, துணிக்கொடிக்கு மேல் அதே பேனரைக் கழுவிக் கட்டியிருந்தார்கள். தாடி போய்விட்டது. கீழே யூனிஃபார்ம்கள் பளிச்சென்று ஆடின. இசக்கி ஒன்றை எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினான். அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

கசிவை ஓனர் அடைக்க வேண்டும். ஜன்னலைக் குடியிருப்பவன் திறக்க வேண்டும். அதுவரை நீங்கள் டப்பா மூடியில் கை வைக்காதீர்கள்.