ஞாயிற்றுக்கிழமை டீ

கடவுளையே ஏமாற்றப் பார்த்தவன் நான். பெரிதாக எதையும் வைத்து அல்ல, ஒரு டம்ளர் காபியை வைத்து. அதிலும் மாட்டிக்கொண்டேன். ஏமாற்றுவதென்று இறங்கினால் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது ஒன்பது வயதிலும் இல்லை, நாற்பத்தொன்பதிலும் வந்து சேரவில்லை.

எங்கள் வீட்டில் அம்மா காபிக் கட்சி, அப்பா டீக் கட்சி. அம்மா பிறந்த வீட்டில் டீத்தூள் வாசற்படியைத் தாண்டியதே இல்லையாம். டீ என்பது மில் வாசலில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நின்றபடி குடிப்பது என்பாள். அப்பா நின்றபடி குடிக்கிறவர்தான். மோட்டார் பம்ப் செய்யும் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, தெருமுனை பேக்கரியில். வீட்டில் காபி மட்டும்தான் என்பது அம்மா போட்ட சட்டம். அப்பா அதை எதிர்த்ததில்லை. தெருமுனைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

எனக்கும் காபி பிடிக்காது. காலையிலும் மாலையிலும் அம்மா நீட்டும் டம்ளரை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போவேன். சுவரோரம் இடுப்புயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது. அதன் தூரில் ஊற்றிவிட்டு, வாயைத் துடைத்தபடி திரும்பி வருவேன். எனக்கு வேண்டியது சனிக்கிழமை மாலை. அன்றைக்கு அப்பா என்னையும் பேக்கரிக்குக் கூட்டிப்போவார். தன் டீயில் பாதியை இன்னொரு கிளாசில் உயரத் தூக்கி ஆற்றி ஊற்றித் தருவார். கூட மொறுமொறுவென்று ஒரு வர்க்கி பிஸ்கட். வாரம் முழுக்க நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், டீ உள்ளே போனதும் பேச ஆரம்பிப்பார். அந்த வாரம் கடைசல் பிடித்த பம்ப் தொண்டாமுத்தூரில் எந்தத் தோப்புக்குப் போகிறது, எத்தனை அடி ஆழத்துத் தண்ணீரை இழுக்கும் என்றெல்லாம் என்னிடம் சொல்வார். அந்த அரை கிளாஸ் தீரும்வரை நானும் ஒரு பெரிய மனிதன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். சாம்பல் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததும், வீட்டிலிருந்த ஆண்டவர் சுரூபத்தின் முன்னால் நின்று, ஈஸ்டர் வரைக்குமான தவக்காலத்தில் எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கறி மீன் விடுவது எல்லோருக்கும் பொது. இது தனிக்கணக்கு.

அந்த வருடம் அம்மா முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம். முந்தின வருடம் ஒரு தம்பி ஏழாம் மாதமே பிறந்து, ஞானஸ்நானம் வாங்கிய கையோடு போய்விட்டிருந்தான். அதனால் இந்த முறை படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காபி போட மட்டும் எழுந்து வருவாள். அதை டாக்டராலும் நிறுத்த முடியவில்லை.

சுரூபத்தின் முன்னால் என் முறை வந்தது. நான் கையைக் கூப்பி, கண்ணை மூடி, குரலைக் கொஞ்சம் தழுதழுக்க வைத்து, காபியை விடுகிறேன் என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கை வைத்தாள். பிடிக்காத பொருளைத் துறந்து புண்ணியமும் சம்பாதித்து, சனிக்கிழமை டீயையும் காப்பாற்றிக்கொண்ட என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது அப்பாவின் குரல் கேட்டது.

"ஆண்டவரே, நான் டீய உட்டர்றேனுங்க."

பட்டறை முதலாளி, பஸ் கண்டக்டர், ஆண்டவர் மூவரிடமும் அப்பா ஒரே மாதிரி 'ங்க' போட்டுத்தான் பேசுவார். என் சனிக்கிழமை போயிற்று. அப்பா இல்லாமல் ஏது பேக்கரி? போதாததற்கு, காபியை விட்ட பிள்ளை இளைத்துவிடக் கூடாதென்று அம்மா ராகிக் கஞ்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துக் குடிக்கச் சொன்னதால் அது கறிவேப்பிலை வரைக்கும் போகவே வழியில்லை. ஆண்டவர் இவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்கிறவர் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

டீ இல்லாத அப்பா வேறு ஆள். தலைவலி. துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். சோறு வடிப்பார், பாத்திரம் கழுவுவார், அம்மாவின் சேலையைத் துவைத்துக் கொடியில் போடுவார். பக்கத்து வீட்டுப் பையன்கள் பார்க்கிறார்களே என்று எனக்குத்தான் கூச்சம். எல்லாம் முடிந்த பிறகு என் நோட்டைத் திறப்பார். டீ குடிக்கிற அப்பா என் நோட்டைத் திறந்ததே இல்லை. பதின்மூன்றாம் வாய்ப்பாடு என்று ஒன்று இருப்பது அந்தத் தவக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வாரம், நான் தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டதற்கு ஒரு சத்தம் போட்டார். போட்டுவிட்டு, ஏதோ அவர் குடத்தைத் தட்டிவிட்டதுபோல வெளியே போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இவரைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். காப்பாற்றினால் பாதி கிளாஸ் எனக்கு.

வழியைக் கோயில் உபதேச வகுப்பில் பாடம் எடுத்த சிஸ்டரே காட்டினார். தவக்காலம் நாற்பது நாள், ஆனால் புதனிலிருந்து எண்ணிப் பார்த்தால் அதற்கு மேலேயே வரும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்ப்பதில்லை என்றார். வகுப்பே தூங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு அம்மா கொடுத்த காணிக்கைக் காசு தட்டில் விழவில்லை. பூசை முடிந்ததும் நேராக பேக்கரிக்குப் போனேன்.

"ஏங்கண்ணு, அப்பாவுக்கு ஒடம்பு செரியில்லீங்களா? மூணு வாரமா ஆளையே காணோம்," என்றார் பேக்கரிக்காரர்.

"தவக்காலமுங்க."

"அதுக்கு டீ என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, காசுக்கு மேலேயே டீ போட்டு, தன்னுடைய தூக்குப்போசியில் ஊற்றி மூடிக் கொடுத்தார்.

அப்பா பின்பக்கம் துவைக்கிற கல்லில் அம்மாவின் சேலையைக் கும்மிக்கொண்டிருந்தார். போசியின் மூடியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். ஏலக்காயும் இஞ்சியுமாக ஆவி எழும்பியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம கணக்குல வராதுங்கப்பா. சிஸ்டரே சொன்னாங்க. சும்மா குடிங்க."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தார். போசியை உயரத் தூக்கி, பேக்கரிக்காரரைப் போலவே நுரை வர ஆற்றினார். டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"நீ குடி கண்ணு."

"உங்களுக்குங்கப்பா?"

"எனக்கு ஞாயித்துக்கெழமையும் சேத்தித்தான்."

குடித்தேன். இரண்டாம் டம்ளரையும் ஆற்றித் தந்தார், அதையும் குடித்தேன். அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், உபதேசம் ஒழுங்காகப் படிக்காத மனிதர், சலுகை இருக்கிறதென்று சிஸ்டரே சொன்ன பிறகும் பயன்படுத்தத் தெரியவில்லையே என்று அவருக்காக வருத்தப்பட்டேன். ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல்தான் வருத்தப்பட்டேன்.

உள்ளே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம்.

"ஏஞ்சாமி, சாம்பப் புதன்லருந்து கறிவேப்பலத் தூருல எறும்பையே காணோமே. அதுவும் தவம் இருக்குதா?"

நான் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அப்பா சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். உள்ளே அம்மாவும் சிரித்துக்கொண்டே, வயிறு வலிக்கப் போகிறது, போதும் என்று சொல்வது கேட்டது. அதைக் கேட்டதும் அப்பா சட்டென்று எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஈஸ்டர் வந்தது. புதுச் சட்டையோடு அப்பாவின் கையைப் பிடித்து பேக்கரிப் பக்கம் இழுத்தேன். "இன்னுங் கொஞ்ச நாளாவட்டும் கண்ணு," என்றார். தவக்காலம் முடிந்துவிட்டதென்று ஆதாரங்களோடு எடுத்துச் சொன்னேன். அவர் வாதாடவில்லை, பேக்கரிக்கும் வரவில்லை. மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைகிற மனிதருக்கு நாள் எண்ணத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் இருக்கும். ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரியில் தங்கச்சி பிறந்தாள். மாதம் நிறைந்து, வராந்தா முழுக்கக் கேட்கிற குரலோடு பிறந்தாள். அப்பா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்து எதிரிலிருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"ரெண்டு டீ போடுங்க. ரெண்டும் முழுசுங்க."

அப்பா கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமலே நின்றார். பிறகு ஒரு வாய் குடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"சுடுதுங்களாப்பா?"

"ஆமா கண்ணு. நல்ல சூடு."

ஊதிக் குடிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ டீ குடித்துவிட்டேன். வேலை போன அன்றைக்கு சூலூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்று, மனைவியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த அன்றைக்கு ஒன்று. எல்லாவற்றையும் இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்திருக்கிறேன். அந்தச் சூடு உள்ளங்கையில் இறங்கும்போது, மேற்கொண்டு என்ன செய்வது என்று ஏதாவது ஒன்று தோன்றத்தான் செய்கிறது. காபி அப்படிச் செய்யாதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கறிவேப்பிலையைத்தான் கேட்க வேண்டும்.

போன ஞாயிறு பூசை முடிந்து அதே பேக்கரியில் உட்கார்ந்திருந்தோம். இப்போது நாற்காலி போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு எண்பதை எட்டப்போகிற வயது, சர்க்கரை இல்லாத அரை கிளாஸ்தான் அனுமதி. தங்கச்சி சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அன்றைக்கு வந்திருந்தாள். இந்தக் கதை முழுவதையும் அவளிடம் சொன்னேன். அப்பா காது கேட்காதவர்போல வர்க்கியை டீயில் தொட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அந்த வருடம் நானும் காபியைத் துறந்தவன்தான், ஆகவே அவள் நல்லபடியாக வந்து பிறந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று முடித்தேன்.

அவள் தன் கிளாசிலிருந்து கொஞ்சம் அப்பாவின் கிளாசில் ஊற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"அண்ணா, அந்தத் தவக்காலத்துல நெசமாலுமே காப்பிய உட்டது அந்தக் கறிவேப்பலச் செடி மட்டுந்தான்."